சட்டைப்பையில் தேடிய பீடி

எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்கு வருகிற எவரும் பீடியை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தீக்குச்சி மருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதாதா? என் வீட்டுக்காரரே நின்று வாங்கி வைப்பார். அவர் வெற்றிலைகூடப் போட்டதில்லை. அந்தப் பெருமையைக் கோவில்பட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

மகள் காலேஜில் சேர்ந்த வருஷம், சவரம் செய்யும்போது அவர் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை. நெறி கட்டியிருக்கும் என்று விட்டோம். இரண்டு மாதமாகியும் கரையாததால் மதுரைக்குப் போனோம். சதை எடுத்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் புற்றுநோய் என்றார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"கேட்டுல வாங்கி வச்ச பீடியெல்லாம் நீங்கதான் இழுத்தியளா?"

"ஏட்டி, உங்கிட்ட நான் எதை மறைச்சேன்?"

நம்பவில்லை. துவைக்கப் போடும் சட்டையையெல்லாம் பை திருப்பி மோந்து பார்த்தேன். ஸ்கூட்டர் பெட்டியையும் குடைந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"பீடியால வந்ததில்லம்மா. இது ஒரு வைரஸ். நிறையப் பேருக்கு வந்து தானாவே போயிரும். சிலருக்குத் தொண்டையில தங்கி, பல வருஷம் கழிச்சு இப்படி ஆக்கிரும்."

"எப்படி ஒட்டும்?"

"பெரும்பாலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கறதுலதான்."

பாழாய்ப்போன மனசு! பீடியை விட்டது, எவளோ ஒருத்தியைப் பிடித்துக்கொண்டது. என் மூஞ்சியைப் பார்த்தே டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப வந்தது, யாருகிட்டேருந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்ககிட்டேருந்தும் வந்திருக்கலாம். உங்களுக்கு வந்து போனது உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

பக்கத்தில் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ் சாத்தூரைத் தாண்டியது. இப்போது கேள்வி கேட்கவேண்டியவர் அவர். அவரோ ஜன்னல் வழியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க என்னைய ஒண்ணுமே கேக்கலியே?"

"என்னத்தக் கேக்க? உன் பையையும் சோதனை போடணுமாக்கும்?" என்று சிரித்தார்.

பஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்ததில் கட்டி கரைந்தது. அதில் எச்சில் வற்றிப்போனதால் சோற்றுக்கு ரசம் நிறைய வேண்டும், அவ்வளவுதான். இன்றும் கேட்டில் நின்று பீடி வாங்கி வைக்கிறார். நான் அவர் சட்டையைப் பை திருப்பாமல்தான் துவைக்கிறேன்.