கனைப்புக்குப் பின்னால் ஒரு குரல்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பாம்புக்காது' என்று பட்டப்பெயர். வீட்டில் அதெல்லாம் செல்லாது. "பத்துத் தடவை கூப்பிட்டாச்சு. குரங்கு கூப்பிட்டாத்தான் உனக்குக் காது கேக்குமாம்மா?" என்பாள் மகள். அதுவும் பொய்யில்லை. காட்டு மரங்களில் கட்டிவிட்ட ஒலிப்பதிவுக் கருவிகள் பிடித்துவருவதை ஹெட்போனில் கேட்டு, கிப்பன் குரங்கு எங்கே பாடியது, தனியாகவா ஜோடியாகவா என்று குறித்துவைப்பதுதான் அவள் வேலை. அழிந்துகொண்டிருக்கும் இனம். கண்ணில் அகப்படாது, காலையில் பாடும் பாட்டை வைத்துத்தான் அது உயிரோடிருப்பதே தெரியும்.

ஆற்றுக்கு அப்பாலிருந்த பள்ளத்தாக்கில் மட்டும் வெகுநாளாக மூச்சுப் பேச்சு இல்லை. இந்தப் பருவத்திலும் கேட்காவிட்டால் கருவிகளைக் கழற்றிவிடுவார்கள். குரங்கில்லாத காட்டுக்குக் காவல் எதற்கு என்று மரம் வெட்டவும் விட்டுவிடுவார்கள்.

அப்படியிருக்க, ஒருநாள் கம்ப்யூட்டர் அந்தப் பள்ளத்தாக்கின் பதிவில் ஒரு கிப்பன் பாட்டைக் கண்டுபிடித்துக் காட்டியது. அலுவலகமே துள்ளிக் குதித்தது. மேலதிகாரி கேக் வாங்கிவரச் சொன்னார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பாட்டு கச்சிதமாக இருந்தது. முடிந்ததும் ஒரு கனைப்பு.

அடப் பாவி! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிற கனைப்பாயிற்றே! டீ வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்காமல் கொழுந்தன் கனைக்கிற கனைப்பு. ஜீப் ஓட்டிப்போய்க் கருவிகளைக் கட்டிவிட்டு வருகிறவனும் அவன்தான்.

வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவனை இழுத்துவந்தாள்.

"இது நீதானே?"

"மைக் வேலை செய்யுதான்னு கிப்பன் மாதிரி ஒரு குரல் குடுத்துப் பாத்தேன் அண்ணி. நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு, உன் மூஞ்சி! அங்க கேக் வெட்டப் போறாங்கடா."

அவன் முகம் செத்துப்போயிற்று. "சொல்லாம விட்டுட்டா என்ன அண்ணி? காடாவது தப்பிக்கும்ல?"

அவளுக்கும் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது புளுகு. ஆனால் இந்தக் குட்டு வெளிப்பட்டால், மற்ற காடுகளில் அவள் குறித்த நிஜக் குரல்களை எவன் நம்புவான்? நேரே போய்ச் சொல்லிவிட்டாள்.

மேலதிகாரி கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப அங்க ஒண்ணுமில்லைன்னு எழுதிடலாமா?"

"மிச்சத்தையும் கேட்டுடறேன் சார். அதுக்கப்புறம் எழுதுங்க."

"கம்ப்யூட்டர்தான் கேட்டுடுச்சேம்மா."

"அது கேட்ட லட்சணம்தான் தெரிஞ்சுதே!"

மறுபடி உட்கார்ந்தாள். கனைப்பு. கொழுந்தனின் காலடிச் சத்தம் தேய்ந்து போனது. பிறகு ஆற்றிரைச்சல், ஓயாத ஆற்றிரைச்சல். காது வலித்தது. விடுவேனா பார் என்று ஒலியைக் கூட்டினாள், பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கேட்டாள். இரைச்சலுக்கு அடியில், வெகு தூரத்தில், நூல் மாதிரி ஒரு குரல். பெண் கிப்பன். பாடியது, நிறுத்தியது, மறுபடி பாடியது. ஆணின் பாட்டு சேரவே இல்லை.

ஹெட்போனைக் கழற்றிக் கொழுந்தன் தலையில் மாட்டினாள். கேட்கக் கேட்க அவன் கண் கலங்கியது.

"அண்ணி, எனக்கா பதில் சொல்லுது?"

"உனக்குத்தான். நிஜம்னு நம்பிடுச்சு, பாவம்."

அவன் பாட்டைக் கணக்கிலிருந்து நீக்கினாள். 'பெண், ஒன்று, தனியாக' என்று பதிந்தாள். கேக்கை வெட்டச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இனிமே அந்தப் பள்ளத்தாக்குல நீ வாயே திறக்கக் கூடாது. அது காத்துக்கிட்டு இருக்கும்."