நீலக் கோட்டின் மேல் ஒரு மீன்குடில்

மார்லிஸ் ஹாட்டயாவிடம் அந்த வேலையைக் கொடுத்தபோது டீன் சொன்ன காரணம், அவளுக்குப் பொறுமை அதிகம் என்பது. அவள் புருஷன் ஆர்னியைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை என்பதுதான் உண்மை. சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த அந்தச் சிறிய கல்லூரியில், எந்த மாணவரையும் ஒதுக்கக்கூடாது என்கிற சட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. சுரங்கத் தொழிலாளியின் மகள். பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். சட்டத்தைத் தானே உட்கார்ந்து படித்தாள். ஒரு பத்தி புரியாவிட்டால் அடுத்த பத்திக்குப் போகமாட்டாள். எல்லாம் படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அவளுடைய எதிரி பனி என்று.

அறிவியல் கட்டடத்தின் பக்கவாசலை ஒட்டி, சக்கர நாற்காலிக்காரர்கள் வண்டி நிறுத்த ஓர் இடம் உண்டு. அதன் பக்கத்தில் நீலக் கோடுகள் போட்ட ஒரு துண்டு. அங்கே வண்டி நிற்கக்கூடாது. வேனின் பக்கக் கதவிலிருந்து சாய்பலகை இறங்கவும், நாற்காலி திரும்பவும் விட்ட இடம் அது. கல்லூரியில் வண்டி ஓட்டிப் பனி தள்ளுகிற ரெய்னோவுக்கு அது எப்போதும் சும்மா கிடக்கிற இடம். பனியைச் சும்மா கிடக்கிற இடத்தில் குவிக்காமல் வேறு எங்கே குவிப்பது? நவம்பரில் எழும்பும் குன்று மே மாதம் வரை கரையாது. மார்லிஸ் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்துப் பார்த்தாள். அவை பனிக்குள் புதைந்து வசந்தத்தில் வெளியே வந்தன. பலகை நட்டாள். ரெய்னோ அந்தப் பலகைக்குக் கீறல் விழாதபடி அதைச் சுற்றி அழகாகக் குவித்து வைத்தான்.

டீனிடம் போனாள். போன வருஷம் ஒரு புகாரும் வரவில்லையே என்றார் அவர்.

"புகார் சொல்ல வேண்டியவங்களால உள்ளயே வர முடியல, டீன்."

அவர் தலையாட்டிவிட்டு, அபராதம் எவ்வளவு வரும் என்று கேட்டார். அபராதத்தைத் தவிர வேறு எதையும் அவர் கேட்டதில்லை. ஒரு பிள்ளை படிப்பை விட்டுப் போகாமல் இருந்தால் புதிதாக ஒரு பிள்ளையைத் தேடி அலைய வேண்டாம், வாசல் திறந்திருந்தால் ஊரே உள்ளே வரும் என்று மார்லிஸ் சொன்னதெல்லாம் சுவரில் போய் முட்டியது.

அந்தக் குளிர்காலத்தில் முதலாண்டில் கொரின் டூபே சேர்ந்திருந்தாள். சக்கர நாற்காலியில் இருப்பவள், தன் வேனைத் தானே ஓட்டி வருவாள். ஏற்கெனவே சில வேதியியல் ஆய்வுக்கூட வகுப்புகள் நடந்தபோது, பனிக்குவியலால் சாய்பலகை இறக்க இடமில்லாமல் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னொரு லேப் தவறிச்சுன்னா பாடமே போயிடும், மார்லிஸ். அப்புறம் இங்க இருந்து என்ன பண்றது? எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு காலேஜ் இருக்கு," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் மார்லிஸை உறுத்தியது.

அடுத்த ஆய்வுக்கூட வகுப்பு திங்கட்கிழமை. ஞாயிறு இரவு பெரும்பனி என்றது வானொலி. மார்லிஸ் கேட்டுக்கொண்டதால் பனி அள்ளும் வண்டிக்காரர்கள் வந்து பழைய குவியலை ஒருவழியாக அள்ளிப்போயிருந்தார்கள். புதுக் குவியல் விழாமல் இருக்க வேண்டும். ஞாயிறு மதியம் அவள் ஆர்னியின் மீன்குடிலைக் கேட்டாள். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடுகிற பச்சை மரப்பெட்டி அது; அடியில் சறுக்குக் கட்டைகள். வெள்ளைமீன் நிறையக் கிடைக்கிற நேரத்தில் குடிலைக் கேட்கிறாளே என்று ஆர்னி வழிநெடுகப் புலம்பினான். ஆனாலும் இழுத்து வந்து நீலக் கோட்டின் மேல் நிறுத்தினான்.

திங்கள் காலை மார்லிஸ் வந்தபோது சுற்றிலும் பனிமேடு. குடிலைச் சுற்றி மட்டும் தரை தெரிந்தது. ரெய்னோ காப்பியோடு காத்திருந்தான்.

"யாரோட குடில் இது?"

"ஆர்னியோடது."

"அவனுக்கு மூளை குழம்பிப்போச்சா? சுத்திச் சுத்தி வளைச்சு ஓட்டினேன். கதவுக்கு முன்னாடி எறங்கி, கையால அள்ளிப் போட்டேன்."

"ஏன், தள்ளிவிட்டிருக்கலாமே?"

"ஒருத்தன் குடில எவனாவது தொடுவானா?"

"உள்ள ஆளே இல்லயே, ரெய்னோ. சும்மாதான கெடந்துச்சு."

அந்நேரம் கொரினின் வேன் வந்து நின்றது. ரெய்னோ குடிலைத் தன் வண்டியில் மாட்டி அப்பால் இழுத்தான். வேனின் கதவு திறந்தது, சாய்பலகை நீலக் கோட்டின் மேல் இறங்கியது. பலகை முழுக்க இறங்கும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மீன் ஏதாவது கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே கொரின் உருண்டு உள்ளே போனாள்.

"இது அந்தப் பொண்ணோட எடமா?" என்றான் ரெய்னோ. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, மார்லிஸ்."

எத்தனையோ குளிர்காலமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்போ சொல்லிட்டேன்ல," என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு பனிக்கும் அவன் முதலில் துப்புரவாக்கியது அந்த இடத்தைத்தான். வாசல் திறந்திருந்ததும் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள்: வாயு உருளைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறவர், தள்ளுநாற்காலியில் குழந்தையோடு மாலை வகுப்புக்கு வரும் தாய், நாடகம் பார்க்க ஊன்றுகோலோடு வரும் ஊர்ப் பெரியவர்கள். அந்தக் கட்டடத்திலேயே இருந்த அரங்கில் நாற்காலி போதவில்லை. யாரையும் வெளியே நிறுத்தாதது நம் கல்லூரியின் நெடுநாள் மரபு என்று டீன் விளம்பர மடலில் எழுதினார். மார்லிஸ் அதைப் படித்துவிட்டு மடித்து இழுப்பறையில் போட்டாள்.

கொரின் அந்தப் பாடத்தில் தேறி, அடுத்த பருவத்துக்கும் பெயர் கொடுத்தாள். அதை மார்லிஸிடம் சொல்லிவிட்டுப் போனவள், வாசலிலிருந்தே போனில் கூப்பிட்டாள். நீலக் கோட்டின் மேல் ஒரு பீட்சா வண்டி நிற்கிறது, வேனில் ஏற முடியவில்லை என்றாள். மார்லிஸ் குளிர்ச்சட்டையைக்கூடப் போடாமல் ஓடினாள்.

"அஞ்சே நிமிஷம்தான். சும்மாதான கெடந்துச்சு," என்றான் வண்டிக்காரன்.

அவன் வண்டியை எடுக்கும்வரை எதிரில் அசையாமல் நின்றாள். கொரின் ஏறிப் போனதும் ஆர்னியைக் கூப்பிட்டாள்.

"ஏரியிலயா இருக்க? குடில எடுத்துட்டு வா."