திங்கட்கிழமையைக் கேட்டு வாங்கிய அகராதி

மகள் ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போனாள். விராலிமலையில் கணக்கு டீச்சரான நானும் அதே சாக்கில் செல்போனில் ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கினேன். மூன்று வருடத்தில் செய்தித்தாள் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு சொல் மட்டும் உறுத்தியது. 'நிதேல்யா' என்றால் வாரம். திங்கட்கிழமைக்குப் பெயர் 'பனிதேல்னிக்', அதாவது நிதேல்யாவுக்கு அடுத்தது. ரஷ்யர்களுக்கு வாரத்தின் முதல் நாளே திங்கள்தான்; அது எப்படி வாரத்துக்கு அடுத்ததாகும்? இணையத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சொற்களின் வேரைச் சொல்லும் நல்ல அகராதி ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. மகளைப் பழைய புத்தகக் கடைக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் கடைக்குள்ளிருந்தே வீடியோ காலில் வந்தாள்.

"அம்மா, ரெண்டு இருக்கு. ஒண்ணு புதுசு, பளபளன்னு இருக்கு. இன்னொண்ணு பழசு, நாலு வால்யூம். புதுசையே வாங்கிரவா?"

"அட்டையப் பாத்து வாங்காதடி. திங்கட்கிழமைய எடு."

புதியதில் 'நிதேல்யாவிலிருந்து வந்தது' என்று ஒரே வரி. நிதேல்யாவைத் தேடினால், அந்தச் சொல்லே இல்லை.

"வச்சுரு" என்றேன்.

கடைக்கார அம்மாளுக்கு என் வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பழையதில் ஒரு தொகுதியைத் தானே பிரித்து கேமராவுக்கு நேராகப் பிடித்தார். நிதேல்யா என்றால் 'வேலை செய்யாத நாள்'. முதலில் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அந்தப் பெயர். பிறகே வாரத்துக்கு ஆனது. ஞாயிறுக்கு அடுத்தது திங்கள். கணக்கு நேராகிவிட்டது.

"இன்னொண்ணு கேக்கச் சொல்றாங்கம்மா."

"கரடி."

'தேன் தின்பது' என்றிருந்தது. நிஜப் பெயரைச் சொல்லப் பயந்து வைத்த பெயராம்.

"நாமளும் ராத்திரியில பாம்பப் பூச்சின்னுதானே சொல்றோம்?" என்றேன். மகள் அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

பல சொற்களுக்கு எதிரே 'தெளிவில்லை' என்று போட்டிருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் புத்தகத்தை நம்பலாம். இத்தனை வருடம் வகுப்பில் நின்றவளுக்கு இதுகூடவா தெரியாது?

"இதையே வாங்கு."

"நாலு வால்யூம்மா! வெயிட்டு?"

"ஸ்வெட்டரையெல்லாம் அங்கிட்டே வச்சுட்டு வா. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?"

விடுமுறைக்கு வந்தவளைத் திருச்சி விமான நிலையத்திலிருந்து காரில் அழைத்து வந்தேன். வழியில் முதல் தொகுதியை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அம்மா, டாக்டருக்கு அவங்க சொல்ற வார்த்தைக்கு, மொதல்ல மந்திரிக்கிறவன்னு அர்த்தமாம்."

"அப்பறமென்ன, வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு தாயத்துக் கட்டிவிடு" என்றேன்.

முறைத்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.