டேஷ்போர்டுக்குக் கொசுவலை

காருக்கு வெளியே அடித்த பெயின்ட்டை ஊர் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்கும்; உள்ளே அடித்ததைச் சொந்தக்காரர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் பார்த்துக்கொண்டிருப்பார். சீட் கவர் தைக்கும் கடையில் பத்து வருஷம் இருந்த எனக்கு, அந்தக் கடையை மூடிய பிறகுதான் இது தெரிந்தது. பீர்க்கன்கரணையில் வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். வெயிலில் வெளுத்த டேஷ்போர்டு, கீறல் விழுந்த கதவு பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி, வீட்டிலேயே பெயின்ட் அடித்துக் கொடுப்பது என்று இறங்கிவிட்டேன். வீட்டையே பட்டறையாக்கித் திட்டு வாங்கும் என் இனத்தவர்களே, இது உங்களுக்காக.

உரிந்து வந்த முதல் வேலை

முதல் ஆளாக வந்தவர் கோவிலம்பாக்கம் வசந்தா டீச்சர். ஐம்பது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். அதன் நாலு கதவு பிளாஸ்டிக்கையும் கழற்றித் துடைத்து, சாம்பல் நிறம் அடித்து மாட்டினேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. நாலாம் நாள் டீச்சர் திரும்பி வந்தார். அவர் வளையல் உரசிய இடத்தில், வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி பெயின்ட் உரிந்து தொங்கியது.

பழைய சொந்தக்காரர் வருஷக்கணக்கில் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார். அந்த எண்ணெய்ப் பசை போகாமல் மேலே அடித்தால் எது ஒட்டும்? "வெயில்ல நிறுத்திட்டீங்க போல" என்று டீச்சர் மேலேயே பழியைப் போட வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "என் தப்பு டீச்சர், எல்லாத்தையும் சுரண்டிட்டு முதல்லேர்ந்து பண்றேன்" என்றேன். அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "என் கிளாஸ்ல தப்புப் பண்ணினா இம்போசிஷன் பத்துத் தடவை, பாய். நீங்க ஒரே தடவை எழுதினா போதும். ஆனா ஒழுங்கா எழுதுங்க."

ஏரிப் பூச்சி

பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினேன். உப்புத்தாளில் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் பிரைமரும் அடித்தேன். கதவு பிளாஸ்டிக்கெல்லாம் பிரமாதமாக வந்தது. காயட்டும் என்று போர்ட்டிகோவில் வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள், பக்கத்து ஏரியிலிருந்து வந்த சின்னப் பூச்சியெல்லாம் ஈரப் பெயின்ட்டில் குடியேறிவிட்டது. மறுபடி தேய்ப்பு, மறுபடி பெயின்ட். அடுத்த நாள் சாயங்காலமும் அதே கதை.

மூன்றாம் நாள் எங்கள் கட்டிலின் கொசுவலையைக் கழற்றி வந்து போர்ட்டிகோவில் கட்டி, அதற்குள் கதவு பிளாஸ்டிக்கை வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒரு பூச்சிகூட அண்டவில்லை. என் மனைவி மும்தாஜ் இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "நம்ம புள்ளைங்களைக் கடிச்சாப் பரவால்ல, டீச்சரம்மா கதவைக் கடிக்கக் கூடாது, அப்படித்தானே?"

அன்றைக்கே இன்னொரு வலை வாங்கினேன்.

பளபளப்பு

டீச்சர் சொல்லி, கால் டாக்ஸி ஓட்டும் குமார் வந்தான். அவன் டேஷ்போர்டு வெயிலில் சாம்பல் பூத்திருந்தது. இப்போதுதான் கை தேறிவிட்டதே! கறுப்பு அடித்து, அதற்கு மேல் பளபளக்கும் வார்னிஷையும் அடித்து, கொசுவலைக்குள் காயவைத்தேன். முகம் பார்க்கலாம் போல இருந்தது. குமாருக்கும் ஒரே சந்தோஷம்.

மறுநாள் மத்தியானம் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றான். "நீயே குந்திப் பாரு" என்று என்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தான். வெயிலில் அந்தப் பளபளப்பு முழுக்க முன்கண்ணாடியில் விழுந்து கண்ணை அடித்தது. எதிரே நின்ற அவன் உருவமே மங்கலாகத்தான் தெரிந்தது. வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லி, அன்று முழுக்க மேல் பூச்சைத் தேய்த்து எடுத்து, பளபளப்பே இல்லாததை அடித்துக் கொடுத்தேன். குமார் சொன்னான்: "ரோட்ல ஒரு ஆயா குறுக்க வந்துச்சு பாய், கடைசி நிமிசம் வரிக்கும் எனக்குத் தெர்ல. அழகு இன்னாத்துக்கு, ரோடு தெரிஞ்சாப் போதும்."

மாடி வீடு

மாடியில் குடியிருந்த ஹவுஸ் ஓனர் சீனிவாசன் சாருக்கு மூச்சிரைப்பு. நான் ஸ்ப்ரே அடிக்கும் நாளெல்லாம் அவர் ஜன்னல்கள் மூடியே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே இறங்கி வந்து, "ஒரு மாசம் டைம் தரேன். இந்த வேலையை விடுங்கோ, இல்ல வீட்டை விடுங்கோ" என்றார். கோபமே இல்லாமல், இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிச் சொன்னார்.

இரண்டையும் விடுவதாக இல்லை. நாலு தெரு தள்ளியிருந்த காலி மனைக்காரரைக் கெஞ்சி அனுமதி வாங்கி, சவுக்குக் கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டினேன். கழுவுவதும் தேய்ப்பதும் வீட்டில், ஸ்ப்ரே மட்டும் அங்கே. கதவு பிளாஸ்டிக்கைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக நடந்தேன்; நாய்கள்கூடப் பழகிவிட்டன.

கெடு முடிகிற அன்று சார் அந்தக் கூடாரத்துக்கே வந்துவிட்டார். வீட்டுச் சாவியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாசனை நின்னுடுத்து. ஆனா ராத்திரியெல்லாம் நீங்க இருமறது மாடி வரைக்கும் கேக்கறது. முதல்ல ஒரு நல்ல மாஸ்க் வாங்குங்கோ, அப்புறம் வாடகையைப் பத்திப் பேசலாம்."

ஸ்ப்ரே கேனை அழுத்த ஒரு விரல் போதும், மிச்ச ஒன்பது விரலும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழில்.