பிந்தி விழுந்த நாலாவது அடி

புத்தூரிலிருந்து சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளில் போக வழி கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் போனது 1995 தொடக்கத்தில். ஒரு புளூஸ் பாட்டின் ட்ரம்காரனால்தான் போனேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, யுத்தகாலப் பொருள்தடையால் ஊரில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேப் ரெக்கோடரை ஓட்டித்தான் பாட்டுக் கேட்போம். கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். என் வகுப்புத் தோழன் செல்வன் சுற்ற, நான் கேட்பேன். கசற் அவனுடையது, லண்டனிலிருந்து அவன் அண்ணன் அனுப்பியது. அதில் ஒரு புளூஸ் பாட்டில் ட்ரம்மின் நாலாவது அடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தி விழுந்தது. பள்ளிக்கூட பாண்டில் ட்ரம் அடித்தவன் என்ற தலைக்கனம் எனக்கு.

"டேய், கை சோருதோ? ஒழுங்காச் சுத்து!"

"நான் ஒரே மாதிரித்தான் சுத்திறன். அவன்தான் அப்பிடி அடிக்கிறான்."

"உனக்கென்னடா தெரியும் ட்ரம்மைப் பற்றி?"

செல்வன் பெடலை விட்டான். கசற்றைக்கூட எடுக்காமல் எழும்பிப் போனவன், படிப்பு முடிந்து சொந்த ஊரான சண்டிலிப்பாய்க்கே போய்விட்டான். பிறகு கதை பேச்சில்லை. எனக்கும் அந்தப் பாட்டைக் கேட்க மனம் வரவில்லை.

1995இல் தடை தளர்ந்து சாமான்கள் வரத் தொடங்க, நாலு பற்றரி கிடைத்தது. கசற்றைப் போட்டேன். அதே இடத்தில், அதே அளவு பிந்தி விழுந்தது அடி. பாடகன் மூச்சு விட்டு முடிக்கும்வரை காத்திருந்துதான் அந்த மனிதன் அடித்திருக்கிறான். மூன்று தரம் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்குப் புறப்பட்டேன். நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய், மருதனார்மடம் வழியாக ஏறத்தாழ பதினேழு கிலோமீற்றர். மருதனார்மடத்தில் பால் விடாத பிளேன்ரீயும் வடையும் ஐந்து ரூபாய், வேறு செலவில்லை. வழியில் தோட்டமொன்றில் தண்ணீர் இறைக்கும் மிஷின் பிசகாமல் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் காது அலுத்துவிட்டது.

ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். செல்வன் புகையிலைத் தோட்டத்தில் நின்றான். முகம் கொடுப்பானோ என்று யோசித்தபடி சைக்கிளை வேலியில் சாத்தினேன்.

"மச்சான், நீ சொன்னதுதான் சரி. அவன் வேணுமெண்டுதான் பிந்தி அடிக்கிறான்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். "ரெண்டு வருசமோ? அந்த ட்ரம்காரனிலும் நீ பிந்தியெல்லோ வாறாய்!" என்று சிரித்தான். எனக்குக் கண் கலங்கியது.

நான் கொண்டுபோன கசற்றை அவனுடைய ரேப்பில் போட்டோம். பற்றரியைப் போடப்போனவனை மறித்தேன். "வேண்டாம். இண்டைக்கு நான் சுத்திறன். நீ இருந்து கேள்."

என் சைக்கிளை நிறுத்தி, வயரைக் கொழுவிச் சுற்றினேன். அவன் கண்ணை மூடிக் கேட்டான். நாலாவது அடி பிந்தியது. கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "என்ன, கை சோருதோ?"

போகிறவர்கள் வெயில் ஏறமுன் புறப்படுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். புளூஸுக்குப் புதியவர்கள் பாடகனை விட்டுவிட்டு ட்ரம்மை மட்டும் ஒரு தரம் கேளுங்கள். அடி பிந்துகிற இடத்தில் யாரையும் ஏசாதீர்கள். ஏசிவிட்டால் அன்றைக்கே சைக்கிளை எடுங்கள். ட்ரம்காரன் பிந்தியது அழகாக இருந்தது. நான் பிந்தியதில் இரண்டு வருடம் ஒரு நண்பன் இல்லாமல் இருந்தேன்.