பக்கத்தில் உட்கார்ந்த வக்கீல்

என் மனைவி வஹிதா வக்கீல். தருமபுரி கோர்ட்டில் அவள் வாதாட எழுந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே டீ குடிக்கப் போய்விடுவார். வீட்டில் எனக்கு அந்த வசதியும் கிடையாது. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். பகலெல்லாம் ஏலத்தில் கத்துகிறவன், வீட்டுக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவேன்.

பட்டாளக்காரர் வழக்குகள் அவளைத் தேடி வந்ததற்கு எங்கள் வீட்டு உருதுதான் காரணம். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், "வடக்க ஆபீசுக்குப் போன் போட்டு இந்தியில கேட்டுச் சொல்லுங்கம்மா" என்று வந்தார். அவருக்குப் பென்ஷன் வந்ததும் பாப்பிரெட்டிப்பட்டி வரை செய்தி போய்விட்டது. இவளும் விடாமல் ராணுவச் சட்டத்தைப் படித்துத் தேறினாள்.

மாரண்டஹள்ளி குள்ளம்மாள் அப்படித்தான் வந்தாள். மகன் நவநீதன் ராணுவத்தில் டிரைவர். டீசல் காணாமல் போயிருக்கிறது. யாரோ எடுத்ததை இவன் தலையில் கட்டிவிட்டார்கள். அவனுடைய கமாண்டிங் ஆபீசரே நீதிபதியாக உட்கார்ந்து விசாரிப்பாராம். வக்கீல் பக்கத்தில் உட்காரலாம், காதோடு யோசனை சொல்லலாம், கோர்ட்டைப் பார்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. சட்டமே அப்படித்தான் என்றாள் வஹிதா. "என்னடி கூத்து இது? வாயைக் கட்டிப்போட்டுட்டு வக்கீல் எதுக்கு?" என்று கத்தினேன்.

அவளுக்கும் போக மனமில்லை. குள்ளம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பேசவே வேணாம் வக்கீலம்மா. எம்பையன் பக்கத்துல குந்திக்கிட்டு இருந்தாலே போதும். அவனுக்குத் தெம்பா இருக்கும்."

அன்றிலிருந்து தினமும் போனில் பாடம் நடந்தது.

"குத்தத்தை ஒத்துக்கறியான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லு, அவ்ளோதான்."

"சரிங்க மேடம்."

"அட, சரிங்க இல்லப்பா! இல்லைன்னு சொல்லு!"

"சரிங்க மேடம்."

பக்கத்தில் உட்கார்ந்து நான் சிரித்தேன். புத்தி கெட்டவன்.

விசாரணைக்கு அவனுடைய முகாமுக்கு ரயிலேறி இருவரும் போனோம். என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நடந்தது வஹிதா சொல்லித்தான் தெரியும். விசாரணைக்கு முந்தின நாளே அவனுடைய மேலாள் சுபேதார், "ஒத்துக்கோ, லேசாக முடித்துவிடலாம். இல்லையென்றால் ஜெயில்தான்" என்று மிரட்டியிருக்கிறார். அதை அவன் இவளிடம் சொல்லவில்லை. ஆபீசர் கேள்வி கேட்டபோது விறைப்பாக நின்றிருந்தான். "இல்லைன்னு சொல்லு நவநீதா" என்று வஹிதா முணுமுணுத்தாள். அவன் திரும்பவே இல்லை. "ஜீ சாப்" என்றான். அதே 'சரிங்க'தான், இந்தியில்.

வஹிதா எழுந்துவிட்டாள். உட்காருங்கள், இல்லையென்றால் வெளியே போங்கள் என்றார்கள். வெளியே போனால் பையன் தனியாக நிற்பான். உட்கார்ந்துகொண்டாள். நவநீதனுக்கு வேலையும் போயிற்று, பென்ஷனும் போயிற்று.

கூட்டிக்கொண்டு போகும்போது அவன் சொன்னானாம்: "மன்னிச்சுக்குங்க மேடம். அவரு கேட்டா எனக்கு வேற வார்த்தையே வரமாட்டேங்குது." கேட்டுக்கு வெளியே வந்து அதைச் சொல்லும்போது வஹிதா உடைந்து அழுதாள். நான் என்ன செய்ய? தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தேன்.

அவள் விடவில்லை. மிரட்டி ஒத்துக்கொள்ள வைத்தார்கள் என்று ராணுவத் தீர்ப்பாயத்தில் முறையிட்டாள். அங்கே வக்கீல் பேசலாம். பேசினாள், அப்படிப் பேசினாள்! நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஒத்துக்கொண்டபோது அவருடன் வக்கீல் யாராவது இருந்தார்களா?"

"நான் இருந்தேன்."

வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டவரை மிரட்டினார்கள் என்று எப்படி ஏற்பது என்றார். மனு தள்ளுபடி.

குள்ளம்மாளிடம் இதை மழுப்பிச் சொல்லியிருக்கலாம். மாரண்டஹள்ளிக்குப் போகும் வழியெல்லாம் நானும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வஹிதா கேட்டால்தானே? வாசலில் நின்றபடியே போட்டு உடைத்தாள்.

"ஆத்தா, நான் போகாம இருந்திருந்தா உங்க பையன் கேஸு நின்னிருக்கும். நான் பக்கத்துல இருந்ததுதான் அவனக் கவுத்துருச்சு."

குள்ளம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்களா போனீங்க?" என்றாள். "நாந்தான கையப் புடிச்சு அனுப்புனேன்."