புன்னைக்கு எண்பத்தொரு மதிப்பெண்

2022 ஜூலை 9, சனிக்கிழமை, காலை ஆறு இருபது. மேகம் இல்லை. கச்சான் காற்று நான்கு நாளாக மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்தது. பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே இருபத்தாறு வருடமாக நின்ற வாதாங்கொட்டை மரம் தெருவின் குறுக்கே படுத்திருந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. சென்ற வருடம் வாய்க்கால் தோண்டியபோது ஒரு பக்கத்து வேரை முழுவதுமாக வெட்டிவிட்டார்கள். மரம் நிற்காது என்று அப்போதே மனு கொடுத்தேன். மொத்தம் மூன்று மனு.

ஏழு மணிக்குத் தேய்ப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். பதினொரு வருடமாக அந்த மரத்தடியில் நின்றுதான் எங்கள் தெருத் துணிகளுக்கு இஸ்திரி போட்டு வந்தாள். விழுந்த மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம் பிந்தி விழுந்திருந்தா நானும் அடியில கெடந்திருப்பேன் அண்ணாச்சி" என்றாள். பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மேலே வெயில் மட்டும் இருந்தது.

மரத்தை அறுத்து அள்ளிக்கொண்டு போக இரண்டு நாள் ஆயிற்று. அவள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்று தேய்த்தாள். கையில் கரி நெருப்பு, தலைக்கு மேல் வெயில். நிழல் இருந்தபோது ஒரு நாளைக்கு எழுபது உருப்படி தேய்ப்பவள், இப்போது பதினோரு மணிக்கு மேல் நிற்க முடியாமல் நாற்பதோடு நிறுத்தினாள். இதை அவள் சொல்லவில்லை. நான் மாடியிலிருந்து எண்ணினேன்.

"பள்ளிக்கூடத்து மதிலோரம் நல்ல நெழலு. ஆனா அங்கன ஏற்கனவே ஒருத்தன் வண்டி போட்டிருக்கான். நான் போனா பெட்டியத் தூக்கி எறிவான். இங்கனயே நின்னா இந்த ஆடியத் தாண்ட மாட்டேன்" என்றாள்.

"எங்கயும் போகாதம்மா. மாநகராட்சியில கன்னு தாராங்க. ரெண்டு மாசத்துல இங்கன மரம் வந்துரும்" என்று சொன்னேன். அவள் என்னை நம்பினாள்.

மாநகராட்சி எங்கள் தெருவுக்கு எட்டுக் கன்றுகளை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. எட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். எந்த மரம் என்று தெருச் சங்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரும்புக் கடை வைத்திருக்கும் சங்கத் தலைவர் அந்தத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார். "மரத்துக்காக மூணு மனு போட்ட ஆளு நம்ம தெருவுல நீங்க ஒருத்தர்தான். நீங்களே பாத்து எழுதிருங்க."

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியவன் நான். வாய்க்கு வந்த மரத்தை எழுதிவிட முடியவில்லை. ஏழு மரங்கள், ஒன்பது கேள்விகள், கேள்விக்குப் பத்து மதிப்பெண் என்று அட்டவணை போட்டேன். உப்புத் தண்ணீரைத் தாங்குமா, கச்சானுக்கு நிற்குமா, வாய்க்கால் சுவரை வேர் உடைக்குமா, மின்கம்பியைத் தொடுமா, இலை எவ்வளவு கொட்டும், கோடையில் மொட்டையாகுமா, காய் தலையில் விழுமா, கம்பளிப்பூச்சி பிடிக்குமா, ஆடு தின்னுமா. பதினேழு நாள் காலையில் ஊரைச் சுற்றினேன். கடற்கரைச் சாலையிலும் துறைமுகச் சாலையிலும் நிற்கிற மரம், சாய்ந்த மரம், செத்த மரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இரண்டு இடங்களில் என்னை நில அளவைக்காரன் என்று நினைத்துத் தேநீர் கொடுத்தார்கள்.

பெருங்கொன்றை காற்றுக்கு முறிகிறது. தூங்குமூஞ்சி வாய்க்கால் மூடியைத் தூக்குகிறது. புங்கையில் குறை குறைவு, ஆனால் மாசி பங்குனியில் இலை உதிர்த்து நிற்கிறது. வேம்பில் காக்கை அதிகம். வாதாங்கொட்டை மரத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கடைசியில் புன்னையும் பூவரசும் மிஞ்சின. இரண்டுக்கும் உப்புக்காற்று பழக்கம். புன்னை மெதுவாக வளரும், கம்பியைத் தொட ஒரு தலைமுறை ஆகும் என்பதால் அந்தக் கேள்வியில் பத்துக்குப் பத்து போட்டேன். பூவரசு விறுவிறுவென்று கிளை விட்டுக் கம்பிக்குப் போய்விடும் என்பதால் அதற்கு ஆறு. புன்னை எண்பத்தொன்று, பூவரசு எழுபத்தொன்பது.

தெருச் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. எங்களிடம் கார் கிடையாது. பத்தொன்பது வீட்டுக்கும் தகவல் சொன்னேன், பதின்மூன்று பேர் வந்தார்கள். அட்டவணையைப் படித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. தலைவர் நடுவில் கை தூக்கினார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். என் கார் மேல எலை விழக்கூடாது, காய் விழக்கூடாது, காக்கா உக்காரக்கூடாது. ஆனா நெழலு வேணும். அப்படி எது இருக்கு?"

தேநீர் கொண்டுவந்த என் மனைவி, "தகரக் கொட்டகைதான்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். புன்னை ஒருமனதாக நிறைவேறியது. சிரித்த வேகத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்டு 27, மீண்டும் சனிக்கிழமை, கன்றுகள் வந்தன. எங்கள் வீட்டுக்கு எதிரே முதல் குழி. கன்று ஒன்றரை அடி உயரம், பதினான்கு இலை. தேய்ப்புக்காரப் பெண் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். நாற்பத்தொன்பது நாள் வெயிலில் நின்றதில் அவள் கையும் முகமும் வேறு நிறமாகியிருந்தன.

"இதுதானா அண்ணாச்சி?"

"இதுதான். எண்பத்தொரு மார்க்கு."

"என் வண்டிச் சக்கரத்தை விடக் குட்டையால்லா இருக்கு. எப்பம் நெழலு தரும்?"

நான் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை. கன்று கொண்டுவந்தவரிடம் கேட்டேன். "நல்லாப் பாத்துக்கிட்டா எட்டு, பத்து வருசம் ஆகும் சார்" என்றார். புன்னை மெதுவாக வளரும் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் பத்து மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

"எனக்கு இப்பம் அம்பத்திரண்டு" என்றாள் அவள். "பூவரசம் போத்து ஒண்ணு வெட்டி ஊணியிருந்தா, அது பாட்டுக்குத் தழஞ்சு ரெண்டு வருசத்துல வண்டிக்கு நெழலு குடுத்திருக்கும். எங்க கீழவைப்பாருல கரையில நிக்கிறது எல்லாம் போத்து ஊணுனதுதான். கையளவு தண்டி, ஆளுயரக் கிளை. கன்னே வேண்டாம்."

"இத ஏம்மா முன்னாலயே சொல்லல?"

"கூட்டத்துக்கு என்னயக் கூப்பிட்டியளா?"

கூப்பிடவில்லை. பத்தொன்பது கதவு எண்களை எண்ணினேன். வண்டிக்குக் கதவு எண் கிடையாது.

அவள் உள்ளே வந்து எங்கள் துணிகளை மேசைமேல் வைத்தாள். ஆறு உருப்படி, சரியாக இருந்தது. "திங்கக்கிழமையில இருந்து மதிலோரம் போறேன் அண்ணாச்சி. அவன் அடிச்சா அடிக்கட்டும். வெயிலு தெனமும் அடிக்கி" என்றாள். அவள் போனதும் என் மனைவி பேசினாள்.

"ரெண்டு மாசத்துல மரம் வந்துரும்னு அவகிட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"பெறவென்ன? இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கியளா?"

அன்று மதியமே மார்க்கெட்டுக்குப் போய், தெருவோரக் கடைக்காரர்கள் நட்டுவைக்கும் பெரிய குடை ஒன்றை வாங்கிவந்தேன். எட்டுக் கம்பி, நீலமும் மஞ்சளும். திங்கட்கிழமை காலை ஆறரைக்கே வண்டி நிற்கும் இடத்தில் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். அந்த வழியாக மதிலுக்குப் போய்க்கொண்டிருந்தவள் வண்டியை நிறுத்தினாள். குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கரியைப் பற்றவைத்தாள். அன்று அறுபத்தாறு உருப்படி.

புதன்கிழமை மதியம் கச்சான் குடையைப் பிடுங்கியது. ஏழு வீடு தாண்டி, தலைவரின் கார்மேல் விழுந்தது. இலை, காய், காக்கை மூன்றுக்கும்தான் அவர் பயந்திருந்தார். கீறல் இல்லை என்று நாங்கள் இருவரும் சேர்ந்து இரண்டு முறை பார்த்தோம். குடையில் மூன்று கம்பி போய்விட்டது. அடுத்த குடைக்கு இரும்புக் குழாயைத் தரையில் இறக்கிச் சிமென்ட் போட வேண்டியதாயிற்று. குழாய் அவர் கடையில்தான் வாங்கினேன். விலையில் அவர் ஒன்றும் குறைக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஆளுயரப் பூவரசம் போத்து ஒன்றைக் கொண்டுவந்தாள். வெட்டிய நுனியில் சாணி அப்பியிருந்தது. நடத்துனர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார். அந்தப் பணத்தை நான் கொடுத்தேன், முதலில் வாங்கமாட்டேன் என்றாள். புன்னைக்கு நாலடி தள்ளி ஊன்றினாள். இரண்டு மரத்துக்கு நடுவில் இருபதடி விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து போத்தடியில் ஊற்றினேன். இருபத்திரண்டாம் நாள் கணுவில் பச்சை தெரிந்தது.

இரண்டரை வருடம் கழித்து, பூவரசின் நிழல் காலை ஒன்பதிலிருந்து இரண்டரை வரை வண்டியை முழுவதும் மூடுகிறது. ஒரு கிளை கம்பியை நோக்கித்தான் போகிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நானே கழிக்கிறேன். புன்னை மூன்றடி ஆகியிருக்கிறது, எண்பத்தெட்டு இலை. அவள் பள்ளிக்கூடத்து மதிலோரம் போகவில்லை.

மாநகராட்சி இலவசமாகக் கொடுத்த கன்றுக்கு, குடை இரண்டு, குழாய், சிமென்ட், கொத்தனார் கூலி, பேருந்து லக்கேஜ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஐயாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.